நடைபாதையின் அண்டை அயலார்

சென்னைப் பட்டணத்தின் வடபகுதியில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பழைய காலத்து ஜனங்கள் வழங்கிய பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. ஹைதர் அலியின் படையெடுப்பும் அதன் பின்னோடு வந்த பஞ்சமும் சுற்றுவட்டாரக் கிராமங்களை நிர்மூலமாக்கியபோது, நிலமும் வீடும் இழந்து பட்டணத்துக்கு வந்து சேர்ந்த ஏழைகளுக்கென்று 1782-ஆம் ஆண்டில் ராயபுரத்துப் பக்கம் ஒரு சத்திரத்தில் கஞ்சி வார்க்கத் தொடங்கினார்கள். மணியகாரர் சத்திரம் என்று பெயர் பெற்ற அவ்விடத்தை ஒட்டி 1799-ல் டாக்டர் ஜான் அண்டர்வுட் என்பவர் அமைத்த வைத்தியசாலையே காலக்கிரமத்தில் வளர்ந்து இன்றைய பெரிய ஆஸ்பத்திரியாயிற்று. சத்திரம் முதியோர் இல்லமாக இன்றும் நடந்து வருகிறது. வீடிழந்து வந்தவனுக்கு முதலில் கஞ்சி, பிறகு மருந்து, அதற்கும் பிறகு தங்குவதற்கு ஓரிடம் என்று அன்று ஏற்பட்ட அந்த வரிசையை எண்ணிப் பார்த்தால், இருநூற்று நாற்பது வருஷங்களுக்குப் பின்னரும் நம் தெருக்களில் நடைபெறும் தருமம் பெரும்பாலும் அதன் முதற்படியிலேயே நின்றுகொண்டிருப்பது தெரியவரும்.

உணவிடுவதில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி வடலூரில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து வருகிறது. ஆடி மாதத்துக் கூழ், அமாவாசை அன்னதானம், பெற்றோரின் திதி, தலைவரின் பிறந்தநாள், பிள்ளையின் பரீட்சை வெற்றி என்று ஏதாவதொரு நிமித்தத்தை வைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலங்களோடு நடைபாதைக்கு வருகிறவர்கள் எந்தப் பேட்டையிலும் உண்டு. போதாக்குறைக்கு, 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி திறந்துவைத்த அம்மா உணவகங்கள், இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் தந்து, கையில் அற்ப சொற்பம் உள்ளவனும் யாரிடமும் கை நீட்டாமல் வயிறு நிரம்புவதற்கு வழிசெய்தன. ஆகவே, நல்ல நாள்களில் ஒரே நடைபாதைக்கு நாலு கோஷ்டிகள் பொட்டலம் கொண்டுவருவதும், வாங்கியவர்கள் என்ன செய்வதென்று அறியாமல் எஞ்சியதை நாய்களுக்கு வைப்பதும், அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருவரும் எட்டிப் பாராததுமாகக் காரியம் நடக்கிறது. பொட்டலத்தைக் கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் புகைப்படம் எடுத்து முடிகிறவரை அந்தரத்திலேயே நிற்கிற காட்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொள்வதைக் கவனித்தவர்களுக்கு அது போதும்.

இவர்கள் யார் என்ற கேள்விக்கு நம்மில் பலர் வைத்திருக்கும் விடை பிச்சைக்காரர்கள் என்பதுதான். அது பெரும் பிசகு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலாகாவினர், சாலையோரத்திலும் நடைபாதையிலும் பெரிய குழாய்களுக்குள்ளும் மேம்பாலங்களின் அடியிலும் மாடிப்படிகளின் கீழும் கோயில் மண்டபங்களிலும் ரயில் நிலையங்களிலும் வசிப்போரை வீடற்றோர் என்ற ஒரே தலைப்பில் சேர்க்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, தேசம் முழுவதும் ஒரே சமயத்தில் இவர்களை எண்ணியபோது தொகை ஏறத்தாழ 17 லட்சத்து 73 ஆயிரம் என்று வந்தது. அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன் எண்ணியதைக் காட்டிலும் மொத்தத் தொகை குறைந்திருந்தபோதிலும், நகரங்களில் மட்டும் அது 7 லட்சத்து 78 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 38 ஆயிரமாக உயர்ந்திருந்தது. ஒரே இரவில் டார்ச் விளக்கும் காகிதமுமாகப் போய்த் தூங்குகிறவர்களை எண்ணுகிற காரியத்தில் விட்டுப்போனவர்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சென்னையில் பாரிமுனையிலிருந்து பிராட்வே, யானைக்கவுனி, வால்டாக்ஸ் ரோடு வரையில் இரவு பத்து மணிக்குமேல் நடந்துபோனால், இழுத்து மூடிய கடைகளின் முன்னே தார்ப்பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். மூட்டை சுமப்பவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், பூக்கட்டி விற்கும் பெண்கள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள், பழைய காகிதம் பொறுக்குகிறவர்கள் என்று அத்தனை பேரும் உழைத்துப் பிழைக்கிறவர்களே. பாட்டி பிறந்த அதே பிளாட்பாரத்தில் பேத்தியும் பிறந்திருக்கிறாள் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் அங்கே உண்டு. கொத்தவால் சாவடியிலிருந்த காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனபோது சந்தையோடு சிலர் போனார்கள். மற்றவர்கள் அங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அவர்களைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அழைத்துப்போய் அடுக்குமாடியில் குடியேற்றினால், விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு அங்கிருந்து வந்துசேர வழியில்லாமல், வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பிவிடுகிறார்கள். அதிகாரிகள் இதை நன்றிகெட்டதனம் என்கிறார்கள்; எனக்கு இது கணக்கறிந்தவன் செய்யும் காரியமாகவே படுகிறது.

இந்தக் கணக்கை நம் தேசத்து உச்ச நியாயஸ்தலம் ஒரு சமயம் மிக விரிவாக எழுதி வைத்திருக்கிறது. வறட்சியால் வேலையற்றுப்போன சேலம் ஜில்லாவின் நிலமற்ற கூலியாள் ஒருவர் 1961-ல் பம்பாய்க்குப் போய், ரசாயனக் கம்பெனியொன்றில் நாள்கூலிக்கு அமர்ந்து, பெருஞ்சாலையோரத்துப் பிளாட்பாரத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்துவந்தார். 1981-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து அடைமழையில் மாநகராட்சியார் அவருடைய குடிசையைப் பிரித்தெறிந்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவியையும் பெண்களையும் ஊரில் விட்டுவிட்டு அவர் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பிவந்து, மறுபடி ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்துகொண்டார். ஓல்கா டெல்லிஸ் வழக்கென்று பிரசித்தி பெற்ற அந்த வழக்கில் 1985-ல் தீர்ப்பளித்த நீதிபதிகள், உயிர்வாழும் உரிமையில் ஜீவனோபாயத்துக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். ஆயினும் முன்னறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும், மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை பொறுத்திருக்க வேண்டுமென்றும் கூறிவிட்டார்கள். கோட்பாட்டில் பெரிய வெற்றி. பிளாட்பாரத்தில் படுத்தவர்களுக்குக் கிடைத்தது மூன்றரை மாதத் தவணை.

சட்டமும் சர்க்காரும் தத்தம் வேகத்தில் நகரட்டும்; தெருவிலே வசிக்கும் நம்மால் ஆவது என்ன என்று பார்ப்போம். சோறும் போர்வையும் பணம் உள்ள எவரும், எங்கிருந்தோ வந்தும்கூடக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘இவரை நான் அறிவேன், இத்தனை வருஷமாக இந்த இடத்தில்தான் இருக்கிறார்’ என்று சொல்லக்கூடியவர் அதே தெருவில் குடியிருப்பவரும் கடை வைத்திருப்பவருமே. வீடற்ற மனிதனுக்குக் கூரைக்கு அடுத்தபடியாக இல்லாதது இந்தச் சாட்சிதான் என்பதும், அண்டை அயலார் மட்டுமே வழங்கக்கூடிய உபகாரம் இது என்பதும் என் அபிப்பிராயம்.

இதன் வலிமை என்னவென்பதை அன்றாட விவகாரங்களில் காணலாம். காய்ச்சலோடு ஒருவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ‘கூட யார் இருக்கிறார்கள்?’ என்பதே முதல் கேள்வி. யாரும் இல்லையென்றால் மாத்திரை வாங்கிக்கொடுக்கவும் ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகவும் ஆளில்லாமல் அவனுடைய வைத்தியம் பாதியில் நின்றுபோகும். எதிர்த்த டீக்கடைக்காரர் தம் பையனை இரண்டு நாள் அனுப்பிவைத்தால் அது எந்த அன்னதானத்துக்கும் குறைந்ததல்ல. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தாயிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கும்போது, வயதுச் சான்று இல்லையென்பதற்காக எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக்கூடாதென்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்லுகிறதை எடுத்துக்கூறக் கூடவே ஒரு படித்த பெண்மணி போனால் போதும். ஆதார் பதிவு தொடங்கிய காலத்தில், எந்தத் தஸ்தாவேஜும் இல்லாதவரை அங்கீகரிக்கப்பட்ட ஒருவர் அறிமுகம் செய்துவைத்துப் பதியலாம் என்று விதியே வைத்திருந்தார்கள். காகிதம் இல்லாத இடத்தில் மனிதனின் வாக்கு செல்லும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது.

வாக்காளர் பட்டியல் விஷயம் இன்னும் ருசிகரமானது. வீடில்லாதவன் வாக்காளராவதற்கு வசிப்பிடச் சான்று எதுவும் காட்டவேண்டியதில்லையென்று தேர்தல் கமிஷனின் விதிகள் கூறுகின்றன. மனுவில் அவன் எந்த இடத்தைக் குறிப்பிடுகிறானோ அந்த இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சென்று, அவன் அங்கேதான் உறங்குகிறானா என்று நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டால் பெயர் ஏறிவிடும். ஆனால் அலுவலருக்கு அந்தப் பேட்டையில் யார் வழிகாட்டுவது, அன்றைக்கு மழை பெய்து அவன் நாலு கடை தள்ளிப் படுத்திருந்தால் ‘அதோ அங்கே இருக்கிறான்’ என்று யார் சொல்வது? இரவு வாட்ச்மேனும், ஷட்டரை இழுத்து மூடும் கடைச் சிப்பந்தியும், பால் வண்டிக்காரரும் சொல்லவேண்டிய விஷயம் இது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வருஷத்துக்கொரு முறை தங்கள் தெருவாசிகளுக்காக வாக்காளர் முகாம் நடத்துகையில் இரவு ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால், அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் பிளாட்பாரத்துக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வருவார்கள். கார்ப்பரேஷன் லாரி மூட்டை முடிச்சுகளை அள்ளிப்போக வரும்போது தட்டிக் கேட்கக் கவுன்சிலருக்கும் ஒரு காரணம் உண்டாகும்.

மூட்டை முடிச்சென்றவுடன் இன்னொன்றும் சொல்லவேண்டும். பிளாட்பாரத்துக் குடும்பத்துக்குத் திருட்டைப்போல் பயமூட்டுவது வேறொன்றில்லை. துணிமணி, குழந்தையின் பாடப்புத்தகம், சிறுகச் சேர்த்த பணம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கின்றன. பகலில் வேலைக்குப் போகும்போது அந்த மூட்டையைத் தம் கடையின் பரணிலோ படிக்கட்டின் அடியிலோ வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வியாபாரிகள் பாரிமுனைப் பக்கத்தில் உண்டு. பிரதியாக, கடைவாசலில் படுப்பவர்கள் இரவுக்காவல் காத்து, விடிவதற்குமுன் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து ஒப்படைக்கிறார்கள். எழுதாத இந்த ஒப்பந்தத்தில் தயை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. பெண்களுக்கோ மூட்டையைவிடப் பெரிய கவலை கழிப்பிடம். கட்டணக் கழிப்பிடம் இரவில் பூட்டப்பட்டுவிட்டால், விடியும்வரை அடக்கிக்கொண்டிருப்பதும் அதற்காகவே மாலைக்குமேல் தண்ணீர் குடிக்காமலிருப்பதும் அவர்களுக்குப் பழகிப்போன தண்டனைகள். ஒரு பெட்ரோல் பங்க்கோ கோயிலோ மாதா கோயிலோ தன் கழிப்பறையின் சாவியை இரவில் ஒரு நம்பிக்கையான பெண்மணியிடம் கொடுத்துவைத்தால், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

காப்பகங்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2009-ஆம் ஆண்டு டிசம்பர் குளிரில் டில்லியில் ஒரு தற்காலிகத் தங்குமிடத்தை மாநகராட்சியார் இடித்துத் தள்ளியதையடுத்து விஷயம் உச்ச நியாயஸ்தலத்துக்குப் போக, நகர ஜனத்தொகையில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம், இரவும் பகலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் காப்பகங்கள் பெரிய நகரங்களில் ஏற்படுத்தப்படவேண்டுமென்று 2010-ல் உத்தரவாயிற்று. 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த திட்டம், ஒரு காப்பகத்தில் நூறு பேருக்கு இடமும் ஆளுக்கு ஐம்பது சதுர அடியும் வேண்டுமென்று வகுத்தது. சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு ஸ்தாபனங்கள் நடத்திவருகின்றன. அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில் நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்கும் இவ்வாறு இடங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் அவற்றின் அருமை தெரியும்.

அப்படியிருந்தும், இருக்கிற காப்பகத்துக்கே வரமறுக்கிறவர்கள் அநேகர். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருப்பதால் குடும்பம் பிரியவேண்டும், வேலைக்குத் தூரம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஹோமுக்குப் போனா திரும்ப வெளியே விடமாட்டாங்க’ என்ற பயம். இது ஆதாரமற்ற பயமும் அல்ல. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கி, பிடிபட்டவர்களை இல்லங்களில் அடைத்துவைக்க இடமளித்த யாசகத் தடுப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1945-லேயே வந்துவிட்டது. போலீஸ் வண்டியைக் கண்டு ஓடிய பாட்டனின் ஞாபகம் பேரனுக்கும் இருக்கிறது. சீருடை அணிந்தவர்கள் நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கூப்பிடுகிறபோது வராத கிழவி, தினமும் அவளிடம் பூ வாங்கும் பெண் ‘ஆயா, நான் கூடவே வரேன், உங்களுக்குப் பிடிக்கலேன்னா நானே திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்’ என்று சொன்னால் எழுந்து வருகிறாள். காப்பகம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த வேண்டுமென்று மனுக் கொடுப்பவர்களும், தங்கள் தெருவில் காப்பகம் வரக்கூடாதென்று கையெழுத்துச் சேகரிப்பவர்களும் அண்டை அயலாரேதான். அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவதில் பிரயோஜனமில்லை. குப்பை, குடித்துவிட்டுப் போடும் சண்டை, குழந்தைகளின் பத்திரம் என்று அவர்கள் சொல்லும் குறைகளில் பாதியாவது நிஜம். கழிப்பிடமும் குப்பைத்தொட்டியும் இல்லாத இடத்தில் யார் வசித்தாலும் அந்தத் தெரு அப்படித்தான் இருக்கும் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை பேசவேண்டியிருக்கிறது. காப்பகத்தின் நிர்வாகக் கமிட்டியில் இடம் இருக்கிறதென்று சொல்லி, மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரையே அதில் உட்காரவைப்பது அனுபவஸ்தர்கள் கையாளக்கூடிய நல்ல தந்திரம்.

எல்லாரையும்விடக் கைவிடப்பட்டவர்கள், புத்தி பேதலித்துத் தெருவில் திரியும் பெண்கள். சென்னையில் தெருவோரம் அத்தகைய நிலையில் கிடந்த ஒரு பெண்ணைக் கண்டு, எந்த ஸ்தாபனமும் அவளை ஏற்க முன்வராததைப் பார்த்த வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993-ல் தொடங்கிய ‘தி பான்யன்’ ஸ்தாபனமும், முகப்பேரில் அது நடத்தும் ‘அடைக்கலம்’ என்ற இல்லமும் இன்று பலருக்கும் பரிச்சயமானவை. அங்கே வைத்தியம் பெற்றுத் தெளிந்து, ஊர்ப்பெயர் நினைவுக்கு வந்து, வடக்கே தொலைதூர மாநிலங்களிலுள்ள வீடுகளுக்கு ரயிலேறிப் போனவர்கள் அநேகர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், இப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ப்பிக்கவேண்டியது போலீஸாரின் கடமை என்றும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக்கூடாதென்றும் விதித்திருக்கிறது. தன் தெருவில் ஒருவரைக் காண்கிறவர் காவல்நிலையத்துக்குப் போய்ப் பேச இந்த ஒரு ஷரத்து தெரிந்திருந்தால் நல்லது.

ஆனால் தெளிந்தபிறகும் போவதற்கு வீடில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஏற்றுக்கொள்ள உறவினர் இல்லையென்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சை நிலையத்திலேயே ஆயுசு முழுவதும் கிடக்கும் பெண்கள் தேசமெங்கும் இருக்கிறார்கள். இதற்கு மாற்றாக 2015-ல் அந்த ஸ்தாபனத்தார் ‘ஹோம் அகெய்ன்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பெண்களை ஒரு குடும்பம்போல் அதில் குடிவைப்பதுதான் அம்முறை. உள்ளூரிலேயே ஒரு பெண்மணியைத் தேர்ந்து, பயிற்சியளித்து, துணைக்கு அமர்த்துகிறார்கள். சமையல் என்னவென்பதும், பொங்கலுக்கு என்ன புடவையென்பதும், டி.வி.யில் எந்த நாடகமென்பதும் அந்த வீட்டார் கூடிச் செய்யும் முடிவுகள். விடுதி மேட்ரனும் மணியடித்துச் சாப்பாடும் இல்லாத வீட்டில், பக்கத்து வீட்டுக்காரியிடம் கறிவேப்பிலை கேட்டு வாங்குவதும், குழாயடியில் சச்சரவு செய்வதும், தெருவிலே கல்யாணமென்றால் மொய் எழுதப் போவதுமாக வாழ்க்கை நடக்கும்போது, வெகுகாலம் பேசாமலிருந்தவர்கள்கூடப் பேசத் தொடங்கிவிடுவதுண்டு. தமிழ்நாட்டில் வேரூன்றிய இம்முறை கேரளத்துக்கும் அஸ்ஸாமுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பரவியிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே, இம்முறை பரவுவதற்குப் பெரிய இடையூறாக நிற்பது மருத்துவ விஷயம் எதுவுமன்று. வாடகை வீடு கிடைப்பதுதான். குடிவரப்போவது யாரென்று தெரிந்தவுடன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடிய வீட்டுச் சொந்தக்காரர், எதிர்வீட்டுக்காரர் வந்து ‘அவர்களால் எங்களுக்கு ஒன்றும் தொந்தரவில்லை, கொடுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். முதல் பதினொரு மாதம் கழிந்துவிட்டால் இரண்டாவதுக்கு அந்தச் சிபாரிசும் வேண்டியிராது, வாடகையைத்தான் கொஞ்சம் உயர்த்திக் கேட்பார்.